விதியை எழுதுபவரும் கணக்கை எழுதுபவரும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டு சி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கணக்கு மோசடியால் கவிழ்ந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் வீழ்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், அப்போது அமெரிக்க செனட்டில் இருந்த ஒரே கணக்காளர் என்று மைக் என்சியை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன்.

வாசித்து முடித்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. அவர் செனட்டுக்குள் நுழைந்த 1997 ஜனவரியில் அமெரிக்க அரசின் கடன் சுமார் 5.3 லட்சம் கோடி டாலர். அவர் ஓய்வு பெற்ற 2021 ஜனவரியில் அது சுமார் 27.7 லட்சம் கோடி டாலர். கடைசி ஆறு ஆண்டுகள் செனட்டின் வரவுசெலவுக் குழுவுக்கு அவரே தலைவர். ஒரு கணக்காளரின் அரசியல் வாழ்க்கை முழுத் தோல்வி என்று இதைச் சொல்லலாம் அல்லவா? உடன்பாடுள்ள எண்பது விழுக்காட்டை மட்டும் சட்டமாக்கி மீதி இருபதை ஒதுக்கிவைக்கும், எல்லோரும் புகழும் அவருடைய 80-20 விதியும், கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கள் செய்துகொள்ளும் சமரசமாகவே எனக்குப் படுகிறது.

கணக்குத் தெரிந்தவர்கள் சட்டமன்றங்களுக்குப் போனால் அரசுகளின் நிதி நிலை சீராகும் என்று நம்பியிருந்தேன். எனக்கும் அரசியலுக்கு வர வேண்டும் என்ற ஆசை உண்டு. யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதிய விதிகளுக்கு எதிரே டிக் அடித்துக்கொண்டே என் வாழ்நாள் கழிந்துவிடும் போலிருக்கிறது. அந்த விதிகளை எழுதும் இடத்துக்குப் போவதுதானே மேலானது?

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

வரும் கடிதங்களில் பலவற்றுக்கும் தனியாகவே பதில் எழுதிவிடுவேன். உங்கள் கடிதத்தைப் பொதுவில் எடுத்துக்கொள்வதற்கு அதன் கடைசி இரண்டு வாக்கியங்களே காரணம். கணக்கை எழுதுபவர் ஒருவராகவும், அந்தக் கணக்குக்கான விதியை எழுதுபவர் இன்னொருவராகவும் இருப்பதை ஒரு சிறுமையாக உணர்கிறீர்கள். நானோ இந்தப் பிரிவினையை நவீன சமூகம் கண்டடைந்த மிக அரிய ஏற்பாடுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். என்ரான் கட்டுரையை எழுதிய நாளிலிருந்து இதுவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மைக் என்சியின் வாழ்க்கை இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று. அவருடைய உயரமும் சறுக்கலும் இந்த ஒரே கோட்டின் இரு பக்கங்களில் நிகழ்ந்தவை.

அதற்கு முன் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் ஒரு மனிதரை நிறுத்தி, வித்தியாசம் முழுவதையும் அவர் தலையில் எழுதிவிட்டீர்கள். இதை ஒரு தணிக்கைக் குறிப்பில் எழுதிக் கொண்டுபோனால் உங்கள் மூத்த தணிக்கையாளர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடைவெளியில் 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்க அரசுக்கு உபரி இருந்தது. பிறகு வரிக்குறைப்புகள், இரண்டு போர்கள், 2008இன் நிதி நெருக்கடி, கடைசியாகக் கொரோனா ஆகியவை வந்தன. செனட்டில் 100 பேர் இருக்கிறார்கள், கீழவையில் 435 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேல் அதிபர் இருக்கிறார். செலவில் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும். அவை ஆண்டுதோறும் வாக்கெடுப்பு இல்லாமலே ஓடுகின்றன. தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் மட்டும் பார்த்துவிட்டு நடுவில் உள்ள பதிவுகளைப் புரட்டாமல் விடுவது உங்கள் தொழிலுக்கு அடுக்காத சோம்பல். அவர் மீது சுமத்தத்தக்க குற்றம் ஒன்று உண்டு, இரண்டும் உண்டு. அவை நீங்கள் காட்டிய இடத்தில் இல்லை.

மனிதரை முதலில் பார்ப்போம். 1944இல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் பிறந்து, வயோமிங் மாநிலத்தின் தெர்மாபோலிஸ், ஷெரிடன் ஆகிய சிற்றூர்களில் வளர்ந்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணக்கியலும் டென்வர் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையும் படித்தார். 1969இல் திருமணமானதும் மனைவி டயானாவுடன் ஜில்லெட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து குடும்பத்தின் காலணி வியாபாரத்தை அங்கே விரித்தார். வயோமிங் அமெரிக்காவின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாநிலம்; இன்றும் 6 லட்சம் பேரை எட்டவில்லை. அந்த மாநிலத்தின் ஒரு மூலையில் 1970இல் சுமார் 7,000 பேரோடு இருந்த ஜில்லெட், பத்தே ஆண்டுகளில் 12,000ஐத் தாண்டியது. தரைக்குக் கீழே கிடந்த கந்தகம் குறைந்த நிலக்கரிதான் காரணம். காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் கரிக்குத் திடீரென்று பெரும் கிராக்கியை உண்டாக்கின. தொழிலாளர்கள் வாகன வீடுகளில் வந்து இறங்கினார்கள். குடிநீர் போதவில்லை, கழிவுநீர்க் குழாய் போதவில்லை, பள்ளிக்கூடம் போதவில்லை. குடியும் அடிதடியும் மணமுறிவும் பெருகி, இவ்வகை ஊர்களின் சீரழிவுக்கே ‘ஜில்லெட் நோய்க்குறி’ என்று ஓர் உளவியலாளர் பெயர் வைக்கும் அளவுக்குப் போனது. அந்த ஊருக்குத்தான் என்சி 30 வயதில் மேயரானார். 1975 முதல் 1982 வரை எட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மேயர் என்ற சொல்லைக் கேட்டதும் விழா மேடையை நினைத்துவிடாதீர்கள். திடீரென்று வீங்கும் ஒரு சுரங்க ஊரின் துயரம் அடிப்படையில் ஒரு கணக்குத் துயரம். மக்கள் இன்று வந்துவிடுகிறார்கள். அவர்களால் வர வேண்டிய வரிப்பணமோ சுரங்கம் ஓடி, கரி வெளியேறி, விற்று முடிந்த பிறகே வருகிறது. குழாய் பதிப்பதற்கான செலவு முன்னால் நிற்கிறது, அதற்கான வரவு நான்கைந்து ஆண்டுகள் பின்னால் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடப்பது, எவ்வளவு கடன் வாங்குவது, கரியின் விலை இறங்கினால் அந்தக் கடனை யார் கட்டுவது என்ற கேள்விகளுக்கு வீர உரைகளால் விடை சொல்ல முடியாது. செலவும் வரவும் எந்தெந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று பிரித்துப் பார்க்கப் பழகிய ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது ஊரின் நல்லூழ் என்றே சொல்வேன். பிறகு அவர் எண்ணெய்க் கிணறுகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் கணக்கு மேலாளராக வேலை பார்த்தார். அந்த வேலையில் இருந்துகொண்டே மாநிலக் கீழவைக்கும் மேலவைக்கும் போய் வந்தார். 1996இல் வயோமிங்கின் செனட்டர் ஆலன் சிம்சன் ஓய்வு பெற்றபோது, குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜான் பராசோ என்ற மருத்துவரை மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்று, பொதுத் தேர்தலிலும் வென்று, வாஷிங்டன் போனார். அந்த பராசோ 2007இல் செனட்டுக்கு வந்தபோது இருவரும் பல ஆண்டுகள் ஒரே மாநிலத்துக்காகச் சேர்ந்து உழைத்தார்கள்.

காலணிக் கடை அவரை விட்டுப் போகவே இல்லை. இணையத்தில் பொருள் விற்பவர்கள் விற்பனை வரி வசூலிக்காமல் விடுவதும், தெருமுனைக் கடைக்காரர் மட்டும் அதை வசூலித்துக் கட்டுவதும் அநீதி என்று அவர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார். கடைக்கு வந்து செருப்பைக் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, அளவைத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் வரியில்லாத விலைக்கு இணையத்தில் வாங்கும் வாடிக்கையாளரை எந்தக் காலணிக் கடைக்காரருக்கும் தெரியும். எதிர்க்கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த மசோதா 2013 மே மாதம் செனட்டில் 69-27 என்று நிறைவேறியது. கீழவை அதை எடுக்கவே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டபோது இணைய விற்பனையாளர்களை வரி வசூலிக்க வைக்கும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது.

இனி 2002க்கு வருவோம். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. அதன் கணக்குகளைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன், 2000ஆம் ஆண்டில் அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து தணிக்கைக் கட்டணமாக 2.5 கோடி டாலரும் ஆலோசனை முதலிய பிற சேவைகளுக்காக 2.7 கோடி டாலரும் பெற்றிருந்தது. தன்னைச் சோதிப்பவருக்குத் தானே அதைவிடப் பெரிய வேலையைக் கொடுத்துவைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எவர் கடிந்து பேசுவார்? செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பால் சார்பேன்ஸ் ஒரு மசோதாவைத் தயாரித்தார். குழுவில் எதிர்த்தரப்பில் அமர்ந்திருந்த என்சி, தணிக்கை அறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவராக, அதன் வாசகங்களில் சார்பேன்ஸோடு உட்கார்ந்து வேலை செய்தார். அவர் ஏற்றுக்கொண்டதால்தான் அவருடைய கட்சியினர் சிலரும் துணிந்து ஆதரித்தார்கள். 2002 ஜூன் 18 அன்று குழுவில் அது 17-4 என்று தேறியது. அடுத்த வாரமே வேர்ல்ட்காம் நிறுவனம், செலவாகக் காட்ட வேண்டிய 380 கோடி டாலரை மூலதனமாகக் காட்டியிருந்ததை ஒப்புக்கொண்டது. பிறகு எதிர்க்க எவருக்கும் வாய் இல்லை. செனட்டில் 97-0, இறுதி வடிவத்துக்கு 99-0. ஜூலை 30 அன்று சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டத்தில் உங்களைப் போன்ற ஒருவர் கண்டிப்பாக வாசிக்க வேண்டிய இரண்டு இடங்கள் இருக்கின்றன. தணிக்கையாளர்களைக் கண்காணிக்க அது ஒரு வாரியத்தை அமைத்தது. உறுப்பினர்கள் ஐவர், அவர்களில் இருவர் பட்டயக் கணக்காளராக இருக்க வேண்டும், இருவர் மட்டுமே இருக்கலாம். கணக்காளர் இல்லாமல் அந்த வாரியத்துக்குக் கண் இல்லை. கணக்காளரே பெரும்பான்மையாக இருந்தால் கண்காணிப்பு இல்லை. ‘கணக்குத் தெரிந்தவர்கள் போய் உட்கார்ந்தால்’ என்று நீங்கள் கனவு கண்டீர்களே, அதற்கான பதிலைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது இடம் 109ஆம் பிரிவு. நிறுவனங்கள் எந்த முறைப்படி கணக்கு எழுத வேண்டும் என்ற விதிகளை அமெரிக்காவில் வகுப்பது, 1973இல் தொடங்கப்பட்ட நிதிக் கணக்கியல் தர வாரியம் என்ற தனியார் அமைப்பு. 2002 வரை அந்த அமைப்பு நன்கொடையையும் வெளியீடுகளின் விற்பனையையும் நம்பி நின்றது. நன்கொடை தந்தவர்களில் கணக்கு எழுதும் நிறுவனங்களும் தணிக்கை நிறுவனங்களும் உண்டு. 109ஆம் பிரிவு அந்தக் கையேந்தலை நிறுத்தியது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எல்லாம் கட்டாயக் கட்டணம் செலுத்த வேண்டும், அதிலிருந்து வாரியம் நடக்கும் என்று விதித்தது. விதியை வகுப்பவர் விதிக்கு உட்படுபவரிடம் கடன்படக் கூடாது என்பதே அதன் பொருள். என்சி முன்நின்று நிறைவேற்றிய சட்டத்தின் ஆகச் சிறந்த பிரிவு இது என்பது என் துணிபு.

இதைச் செய்தவர் இரண்டே ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதை நீங்கள் தேடித் தேடி வாசித்தும் கவனிக்காமல் விட்டது எனக்கு வருத்தம். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு ஸ்டாக் ஆப்ஷன் கொடுக்கும்போது, அதாவது பிற்காலத்தில் இன்றைய விலைக்கே பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கும்போது, அதன் மதிப்பைச் சம்பளச் செலவாகக் கணக்கில் காட்ட வேண்டுமா என்பது அமெரிக்கக் கணக்கியலின் பழைய சண்டை. காட்ட வேண்டும் என்று தர வாரியம் 1990களின் தொடக்கத்திலேயே முன்மொழிந்தது. 1994இல் செனட் 88-9 என்ற கணக்கில் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டு மிரட்டியதும் வாரியம் பின்வாங்கி, அடிக்குறிப்பில் காட்டினால் போதும் என்று சுருங்கிக்கொண்டது. அன்று வாரியத்தைப் பின்வாங்கச் சொல்லி வற்புறுத்திய பங்குச் சந்தை ஆணையத் தலைவர் ஆர்தர் லெவிட், தம் பதவிக்காலத்தில் தாம் செய்த மிகப் பெரிய பிழை அதுவே என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். என்ரானுக்குப் பிறகு வாரியத்துக்கு மீண்டும் முதுகெலும்பு வந்தது. 2004 மார்ச்சில், ஆப்ஷன்களைச் செலவாகக் காட்டியே தீர வேண்டும் என்று வரைவு விதியை வெளியிட்டது.

அதைத் தடுக்கும் மசோதாவை செனட்டில் முன்வைத்துப் போராடியவர் மைக் என்சி. நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கும் அவருக்கு அடுத்த நால்வருக்கும் கொடுக்கப்படும் ஆப்ஷன்களை மட்டும் செலவாகக் காட்டினால் போதும். மற்ற ஊழியர்களுடையதைக் காட்ட வேண்டாம். அந்த ஐவருடையதை மதிப்பிடும்போதும் பங்கின் விலை ஏறி இறங்கவே செய்யாது என்று வைத்துக் கணக்கிட வேண்டும். மசோதா இப்படிப் போனது. கீழவையில் இதே நோக்கமுள்ள மசோதா 2004 ஜூலையில் 312-111 என்று நிறைவேறியும்விட்டது. செனட்டில் வங்கிக் குழுவின் அன்றைய தலைவர் ரிச்சர்ட் ஷெல்பி, அதே குடியரசுக் கட்சிக்காரர், தர வாரியத்தின் சுதந்திரத்தில் கை வைக்க மறுத்ததால் அது அங்கே நின்றது. டிசம்பரில் வாரியம் தன் விதியை இறுதி செய்தது.

என்சி கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்கும் சிறு நிறுவனங்கள் நல்ல சம்பளம் கொடுக்க முடியாமல் ஆப்ஷன் கொடுத்தே ஆட்களைப் பிடிக்கின்றன. செலவாகக் காட்டச் சொன்னால் அவை சாதாரண ஊழியர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடும். ஆப்ஷனை மதிப்பிடும் கணிதச் சூத்திரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை. இவைதாம் அவர் தரப்பின் வாதங்கள். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. சிறு வியாபாரியின் மீது அவருக்கு இருந்த பரிவும் உண்மையானது. ஆனால் அந்தப் பரிவை அவர் கொண்டுபோய் வைத்த இடம் தவறானது. ஆப்ஷனுக்கு வரிச்சலுகை கொடுக்கச் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு. சிறு நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கவும், விரும்பினால் ஆப்ஷனையே தடை செய்யவும் உரிமை உண்டு. கொடுக்கப்பட்ட ஒன்றைக் கொடுக்கப்படாததுபோலக் காட்டு என்று சொல்ல உரிமை இல்லை. பங்கின் விலை அசையாது என்று வைத்துக்கொள் என்று ஒரு சட்டம் கட்டளையிடும் கணத்தில் அது நிறுவனத்தை நெறிப்படுத்தவில்லை. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கப் போகும் முகம் தெரியாத ஒரு முதலீட்டாளரின் கண்ணைக் கட்டுகிறது. இதை வேறு எந்த செனட்டர் செய்திருந்தாலும் எனக்கு இத்தனை வலி இருந்திருக்காது. அந்த அவையில் இதன் பொருளை முழுதாக அறிந்திருக்க வேண்டியவர் அவர்.

நீங்கள் சலித்துக்கொண்ட ‘யாரோ எங்கோ எழுதிய விதி’ உங்களுக்கு எப்படிக் காவலாக நிற்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு இறுதியில், இரவு பத்து மணிக்கு, நிறுவனத்தின் உரிமையாளர் உங்கள் எதிரே உட்கார்ந்து, இந்த ஒரு செலவை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள் என்று தணிந்த குரலில் கேட்பார். அவருக்கு வங்கிக் கடன் வர வேண்டும், நூறு தொழிலாளிகளுக்குச் சம்பளம் போட வேண்டும், அவர் நல்லவராகவும் இருப்பார். அப்போது உங்களால் மறுக்க முடிவதற்கு ஒரே காரணம், அந்த விதி உங்களுடையதாகவும் இல்லை, அவருடையதாகவும் இல்லை என்பதே. அது உங்களுடையதாக இருந்தால் நீங்கள் இரங்கி மாற்றிவிடுவீர்கள். நல்ல மனம் உள்ளவர்கள்தாம் முதலில் மாற்றுவார்கள். என்சிக்கு நேர்ந்தது அதுவே.

என் தந்தை ஒரு பருத்தி மண்டியில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். அவருடைய பேரேடுகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. தவறாக எழுதிய எண்ணை அவர் சுரண்டி அழித்ததில்லை. அதன் மேல் மெல்லிய ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சிறியதாகக் கையெழுத்திட்டிருப்பார். கோட்டுக்குக் கீழே பழைய எண் தெளிவாகத் தெரியும். தவறைத் திருத்துவது நம் கடமை, தவறு நடந்ததை மறைப்பது குற்றம் என்பார். 2002ஆம் ஆண்டின் என்சியைக் காட்டி 2004ஆம் ஆண்டின் என்சியைச் சுரண்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு நேர்மாறாகச் செய்யவும் வரவில்லை.

2017ஆம் ஆண்டுக்கும் இதே அளவுகோல்தான். கடனைப் பற்றி வாழ்நாளெல்லாம் எச்சரித்தவர், செலவில் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு சென்ட் வீதம் ஆண்டுதோறும் குறைப்போம் என்று திட்டம் போட்டவர், வரவுசெலவுக் குழுத் தலைவராக அந்த அக்டோபரில் முன்னெடுத்த தீர்மானம், பத்து ஆண்டுகளில் 1.5 லட்சம் கோடி டாலர் வரை பற்றாக்குறையைக் கூட்டும் வரிக்குறைப்புக்கு வழிவிட்டது. அது 51-49 என்று நிறைவேறியது. பொருளாதார வளர்ச்சி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும் என்று அவருடைய கட்சி நம்பியது. வளர்ச்சியையும் கூட்டு வட்டியையும் சேர்த்துப் பார்த்த பிறகும் பற்றாக்குறை சுமார் 1.9 லட்சம் கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் 2018 ஏப்ரலில் மதிப்பிட்டது. உங்கள் 27.7 லட்சம் கோடியில் அவர் பெயருக்கு நேரே எழுத வேண்டிய பதிவு இது. அதை எழுத நம்மால் முடிகிறது என்றால், 1974இல் உருவான அந்த அலுவலகத்தின் எண்கள் அவையில் வாக்களிக்கும் உறுப்பினர்களின் கையில் இல்லாததால்தான். ஓய்வுக்கு முன் 2019இல், எதிர்க்கட்சியின் ஷெல்டன் வைட்ஹவுஸோடு சேர்ந்து, நாட்டின் கடனுக்கும் பொருளாதாரத்துக்குமான விகிதத்தை இலக்காக வைத்து இரண்டாண்டுத் திட்டமாக வரவுசெலவை மாற்றும் மசோதாவை அவர் குழுவில் நிறைவேற்றினார். முழு அவை அதைத் தொடவில்லை.

80-20 விதியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. எந்தப் பிரச்சினையிலும் எண்பது விழுக்காட்டில் இரு தரப்புக்கும் உடன்பாடு இருக்கும், அந்த எண்பதைச் சட்டமாக்கிவிட்டு இருபதை ஒதுக்கி வைப்போம் என்பது அவர் முறை. கொள்கை இல்லாதவருக்கு ஒதுக்கி வைக்க இருபதே இருக்காது, தம்பி. 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து பதின்மூவர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தவறான செய்தி குடும்பங்களுக்குப் போய், அவர்கள் தேவாலயத்தில் மணியடித்து மகிழ்ந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து, பிழைத்தவர் ஒருவரே என்று தெரியவந்தது. என்சி அப்போது தொழிலாளர் நலத்துறையைக் கவனிக்கும் செனட் குழுவின் தலைவர். எட்வர்ட் கென்னடி அந்தக் குழுவில் எதிர்த்தரப்பின் தலைமை உறுப்பினர். கருத்தளவில் அந்த அவையின் இரு துருவங்கள் அவர்கள். இருவரும் சேகோவுக்கு நேரில் போனார்கள். ஜூன் 15 அன்று புதிய சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. சுரங்கத்துக்குள் கூடுதல் ஆக்சிஜன் கருவிகள், மேலே இருப்பவரோடு பேசவும் உள்ளே இருப்பவரின் இடத்தை அறியவும் கம்பியில்லாக் கருவிகள், மீட்புக் குழுக்கள், கூடுதல் அபராதம் ஆகியவை அதில் இருந்தன. அமெரிக்காவிலேயே மிக அதிகமாகக் கரி வெட்டும் மாநிலத்தின் பிரதிநிதி அவர். வயோமிங்கின் சுரங்கங்களில் பெரும்பாலானவை திறந்தவெளிச் சுரங்கங்கள். ஆழத்தில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் அவருக்கு வாக்களிப்பவர்கள் அல்லர். ஆறு மாதத்துக்குள் இதைச் செய்து முடித்ததைச் சமரசம் என்று இகழ உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நீங்கள் அரசியலுக்கு வரலாமா என்பதை என்னிடம் கேட்டுப் பயனில்லை. அது உங்கள் வீட்டாரும் நீங்களும் பேசித் தீர்க்க வேண்டியது. தேர்வை முடித்துவிட்டுப் பேசுங்கள். டிக் அடிப்பதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். டெக்சாஸைச் சேர்ந்த மைக் கோனவே என்ற பட்டயக் கணக்காளர் 2005இல் அமெரிக்கக் கீழவைக்கு உறுப்பினராக வந்தார். அவருடைய கட்சியின் தேர்தல் நிதிக் குழுவுக்கு உள்தணிக்கைப் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் வெளித்தணிக்கை அறிக்கை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கோனவே ஒரு தணிக்கைக்காரர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: அறிக்கை எழுதிய தணிக்கையாளர்களை நான் நேரில் பார்க்க வேண்டும். பொருளாளர் நாள் தள்ளினார். கோனவே மறுபடியும் கேட்டார். மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அவர் விடவில்லை. 2008இன் தொடக்கத்தில், அப்படி ஒரு தணிக்கையே நடக்கவில்லை, அறிக்கை போலியானது என்று தெரியவந்தது. அந்தப் பொருளாளர் 8,44,000 டாலருக்கு மேல் கையாடியிருந்தார். 2010இல் 37 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பல ஆண்டுகள் அந்த அறிக்கையை நாடறிந்த அரசியல்வாதிகள் எத்தனையோ பேர் கையில் வாங்கியிருப்பார்கள்.

சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 109ஆம் பிரிவை, யாருடைய சுருக்கத்தையும் நம்பாமல், மூல வாசகத்திலேயே வாசியுங்கள். பிறகு உங்கள் அலுவலகத்தில் இப்போது கையில் இருக்கும் கோப்பைத் திறந்து, அதில் எந்த விதி உங்களை எதிலிருந்து காத்தது என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.